முதலாண்டு செவிலியப் பாடத்தில் வரலாறு எதற்காக?

முதலாண்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர்) படிப்பில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. செவிலிய அடிப்படைகள் பாடத்தில் எங்களுக்கு முதலில் நடத்தப்பட்டது வரலாறுதான். நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த ஆண்டு, கிரிமியப் போர் நடந்த ஆண்டு, இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்த ஆண்டு என்று ஒரு நோட்டு நிறைய ஆண்டுகளை எழுதி வைத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். அடுத்து, மனிதன், சூழல், உடல்நலம், செவிலியம் என்னும் நான்கு கருத்துகளும், அமெரிக்கச் செவிலிய அறிஞர் வர்ஜீனியா ஹென்டர்சன் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளும், செவிலியச் செயல்முறையின் ஐந்து படிகளும் நடத்தப்பட்டன. தேர்வில் கேட்டால் வரிசை மாறாமல் எழுதிவிடுவேன்.

ஆனால் காலை ஏழரை மணிக்கு வார்டுக்குள் நுழைந்தால் எனக்குக் கிடைக்கும் வேலை, இருபது படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றுவதும், எல்லோருக்கும் டி.பி.ஆர். (வெப்பநிலை, நாடி, மூச்சு) பார்த்துக் கேஸ் ஷீட்டில் ஏற்றுவதும்தான். நோட்டில் இருக்கும் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கும் என் கையில் இருக்கும் பெட்ஷீட்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. வகுப்பில் கேட்டதற்கு, "தேர்வில் வரும், படித்துக்கொள்" என்ற பதிலே கிடைத்தது.

அடுத்த மாதம் எங்களுக்கு விளக்கேற்றும் விழா. அதற்கான விளக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து துலக்கிக்கொண்டிருந்தபோது, "அந்த நைட்டிங்கேல் அம்மா கையில் இதே மாதிரி விளக்கா இருந்தது?" என்று தம்பி கேட்டான். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

வணக்கம் அம்மா. உங்கள் தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நைட்டிங்கேல் கையில் இருந்தது படங்களில் வரைகிறார்களே, மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கு, அது அன்று. துருக்கியில் அந்தக் காலத்தில் புழங்கிய ‘ஃபனூஸ்’ என்னும் மடக்கு விளக்கைத்தான் அவர் எடுத்துச் சென்றார். மேலும் கீழும் வட்டத் தகடு, நடுவில் மெழுகு ஏற்றிய துணி உறை, உள்ளே ஒரு மெழுகுவத்தி. ஹார்மோனியத்தின் துருத்தியைப் போல உறை மடிந்து விரியும். ஓவியர்களுக்கு அது அழகாகப் படவில்லை போலும். விளக்கின் வடிவத்தைவிட அது எதற்காக எரிந்தது என்பதே நமக்கு முக்கியம்: எல்லோரும் உறங்கிய பிறகு ஒவ்வொரு படுக்கையாக நின்று, நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதற்காக எரிந்தது. இரவுப்பணியில் நீங்கள் டார்ச்சை உள்ளங்கையால் பாதி மூடிக்கொண்டு, கண்ணில் வெளிச்சம் படாமல் செய்யப்போகும் வேலையும் அதுவே.

இப்போது ஸ்கூட்டாரிக்கு வருவோம். அது இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியாகிய உஸ்குதார். கிரிமியப் போரில் காயம்பட்ட, நோயுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்காக அங்கிருந்த படைவீடு ஒன்றை மருத்துவமனையாக்கியிருந்தார்கள். 1854 நவம்பரில் 38 பெண்களோடு நைட்டிங்கேல் அங்கே போய்ச் சேர்ந்தார். "அவர் வந்தார், சாவு குறைந்தது" என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதை முழு உண்மையன்று. அவர் வந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டேதான் போனது. 1855 பிப்ரவரியில் அது நூற்றுக்கு 42 என்ற அளவை எட்டியது. கஞ்சி சரியாகக் கிடைத்தது, துணிகள் துவைக்கப்பட்டன, புண்கள் கழுவிக் கட்டப்பட்டன. ஆயினும் அந்தப் படைவீடு அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அக்குழு சாக்கடைகளை அலசிவிட்டு, குடிநீர் வரும் பாதையைச் சுத்தம் செய்து, வண்டி வண்டியாகக் குப்பையையும் செத்த விலங்குகளையும் அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று போக வழி திறந்துவிட்டது. ஜூனில் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையோடு நைட்டிங்கேல் அந்தக் கணக்குகளை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தார். 1858இல் அவர் வெளியிட்ட வட்டப் படத்தில் நீலம் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவு, சிவப்பு காயங்களால் நேர்ந்த சாவு, கருப்பு மற்றவை. படத்தின் பெரும்பகுதி நீலமாகவே இருக்கிறது. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட மருத்துவமனைச் சாக்கடையும் நெரிசலும் கொன்றவர்கள் பல மடங்கு என்பது படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும்படி இருந்தது. அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. உங்கள் நோட்டில் ‘சூழல்’ என்று ஒற்றைச் சொல்லாக இருப்பதன் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. படுக்கைக்குக் கீழே உதைத்துத் தள்ளப்பட்டிருக்கும் பழைய கட்டுத்துணியும், மூடாத பெட்பேனும், ஈ மொய்க்கும் டம்ளரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

ஒன்றை மட்டும் கூடவே சொல்லவேண்டும். அன்றைய பலரைப் போல அவரும் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பியவர். கிருமிக் கொள்கை அப்போது நிலைபெறவில்லை. காரணத்தைப் பாதி தவறாகப் புரிந்துகொண்டும் அவர் செய்யச் சொன்னவை பெரும்பாலும் சரியாக அமைந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

1859இல் வெளிவந்த அவருடைய செவிலியக் குறிப்புகள் நூலின் இயல் வரிசையைப் பாருங்கள். முதல் இயல் காற்றோட்டம். பிறகு வீட்டின் தூய்மை, இரைச்சல், உணவு, படுக்கை, வெளிச்சம், உடல் தூய்மை, நோயாளியைக் கவனித்தறிதல் என்று போகிறது. இடையில் சிறு நிர்வாகம் பற்றி ஓர் இயல் உண்டு. நீங்கள் அருகில் இருக்கும்போது ஒழுங்காக நடப்பவை, நீங்கள் இல்லாதபோதும் நடப்பதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதுதான் அதன் கேள்வி. என் கணிப்பில் அந்த நூலின் உயிர்நாடி அந்த இயல்தான். இன்று ட்யூட்டி மாறும்போது படுக்கை படுக்கையாகப் போய் ஒப்படைக்கிறோமே, "மூன்றாம் படுக்கை, ட்ரிப்ஸ் பத்து மணிக்கு முடியும், சிறுநீர் இன்னும் போகவில்லை" என்று சொல்கிறோமே, அது அந்தக் கேள்விக்கான விடை. 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பள்ளியில் முதலில் சேர்ந்த 15 பேரும் கற்றது இதைத்தான்.

இனி டி.பி.ஆர். நான் பணியாற்றிய ஒரு வார்டில் மாணவிகள் எழுதிய அட்டவணையைப் பார்த்தால், முப்பது நோயாளிகளுக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருக்கும். வெப்பநிலைக்குக் கருவி உண்டு, நாடிக்கு விரல் வைக்கிறார்கள், மூச்சை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. ஒரு நாள், 20 என்று எழுதப்பட்டிருந்த ஒரு பெரியவரின் அருகில் நின்று ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன், 34 வந்தது. காய்ச்சல் அதிகமில்லை, இரத்த அழுத்தமும் சாதாரணம். அன்று மாலைக்குள் அவருக்கு நிமோனியா என்று உறுதியாயிற்று. உடல் தளரத் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் முறையே மாறிவிடும்.

வெப்பமானிக்கும் ஒரு கதை உண்டு. 1860கள் வரை அது ஓர் அடி நீளம் இருந்தது. அக்குளில் வைத்து இருபது நிமிடம் காத்திருக்கவேண்டும். ஆல்பட் என்னும் ஆங்கில மருத்துவர் அதை ஆறு அங்குலமாகக் குறுக்கி, ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும்படி செய்தார். அதன் பிறகுதான் வார்டு முழுவதற்கும் வெப்பநிலை பார்ப்பது ஒரு செவிலியால் ஆகக்கூடிய வேலையாயிற்று.

கடைசியாக ஹென்டர்சன். அவருடைய 14 தேவைகளை விடவும் அவர் செவிலியத்துக்குச் சொன்ன இலக்கணத்தை மனத்தில் வையுங்கள். வலிமையும் மனவுறுதியும் அறிவும் இருந்தால் நோயாளி தனக்குத் தானே செய்துகொள்ளக்கூடியதைச் செவிலி செய்கிறாள், அதுவும் அவர் விரைவில் தானே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்பும்படி செய்கிறாள் என்பது அதன் சாரம். பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவுக்கு உடல் துடைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தையும் நீங்களே துடைத்துவிட்டால் மூன்று நிமிடத்தில் வேலை முடியும். ஈரத்துண்டை அவருடைய நல்ல கையில் கொடுத்து, "முகத்தை நீங்களே துடைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று காத்திருந்தால் எட்டு நிமிடமாகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் செவிலியக் கோட்பாடு வேலை செய்கிறது.

கிராம சுகாதார செவிலியர்:

தங்கைக்கு வணக்கம். மேடம் லண்டன் வழியாகச் சொன்னதை நான் சென்னை வழியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நோட்டில் இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர்களுக்காக 1664இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் வளர்ந்து இன்றைய சென்னை அரசுப் பொது மருத்துவமனையாக நிற்கிறது. 1854இல், அதாவது நைட்டிங்கேல் ஸ்கூட்டாரிக்குக் கப்பலேறிய அதே ஆண்டில், சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் தந்தது. 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத நைட்டிங்கேல், 1865இல் இந்திய மருத்துவமனைகளில் செவிலியப் பணியை எப்படி அமைக்கலாம் என்று விரிவான யோசனைகளை எழுதி அனுப்பியிருந்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. 1946இல், டெல்லியில் தொடங்கிய அதே ஆண்டில், வேலூரிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1926இல், சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுக்கென்று தனிச் சட்டம் இயற்றிவிட்டது. நீங்கள் படித்து முடித்ததும் பதிவு செய்யப்போகும் தமிழ்நாடு மன்றத்தின் வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. நாடு முழுவதற்குமான இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது. அதற்குப் பதிலாக 2023இல் தேசியச் செவிலியம், மகப்பேறு உதவி ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதால், பழைய வினாவிடைப் புத்தகத்தை மட்டும் நம்பவேண்டாம்.

நம் படிப்பு ஏன் வந்தது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை (கிரிமியப் போரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், குழுத் தலைவரின் பெயர் ஜோசப் போர்) அன்றைய நிலையைக் கணக்கெடுத்தது. 43,000 பேருக்கு ஒரு செவிலி, 60,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று அது சொன்னது. அத்தனை இடத்தையும் மூன்றாண்டு, நான்காண்டு படிப்பு முடித்தவர்களைக் கொண்டே நிரப்புவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால்தான் 1951இல் பஞ்சாபின் தரன் தாரனில் ஈராண்டு ஏ.என்.எம். படிப்பு தொடங்கப்பட்டது. 1973இல் கர்த்தார் சிங் குழு பரிந்துரைத்தபடி, மகப்பேறு மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்கள் தடுப்பூசி, குடும்பநலம், காய்ச்சல் கண்காணிப்பு என எல்லாம் பார்க்கும் பல்நோக்குப் பணியாளர்களானோம். துணைச் சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்னும் கணக்கு இன்றும் நம் வேலையின் அளவைத் தீர்மானிக்கிறது.

வியன்னாவில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அது நம் மருத்துவச்சிகளின் கதை. அங்கே ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சி மாணவிகள். மாணவர்களின் வார்டில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் அதிகம் இறந்தார்கள். அங்கே சேர்க்கவேண்டாம் என்று பெண்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினார்களாம். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டார். 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆயிற்று. பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார்.

எங்கள் ஊரில் புதன்கிழமை தடுப்பூசி நாள். இருபது குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும், தாய்மார்கள் "சீக்கிரம் விடுங்கள் சிஸ்டர், பஸ் போய்விடும்" என்பார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இடையில் கை சுத்தம் செய்ய அரை நிமிடம் வேண்டும். அந்த அரை நிமிடத்தை விட்டுவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வார்டுகள் நினைவுக்கு வருகின்றன. ஆண்டை மறந்தாலும் அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை.

அயல்நாட்டுப் பணியில்:

நான் இங்கிலாந்தில் பணிபுரிகிறேன். பயிற்றுநர் மேடம் சொன்ன எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் நைட்டிங்கேலை மட்டுமே வைத்து வரலாறு சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு.

அவருக்கு முன்பே ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836இல் ஃபிளீட்னர் என்னும் பாதிரியார் பெண்களுக்கு முறையான பயிற்சி தரத் தொடங்கியிருந்தார். நைட்டிங்கேல் 1851இல் அங்கேதான் சில மாதங்கள் பயின்றார். அதே கிரிமியப் போரில், ஜமைக்காவிலிருந்து வந்த மேரி சீக்கோல் என்னும் கறுப்பினப் பெண்மணி, அரசின் செவிலியர் குழுவில் இடம் மறுக்கப்பட்ட பிறகு தன் சொந்தச் செலவில் போர்முனைக்கே போய், பாலக்லாவாவுக்கு அருகில் விடுதி ஒன்றை அமைத்து வீரர்களைக் கவனித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் மறக்கப்பட்டிருந்த அவருக்கு 2016இல்தான் சிலை எழுந்தது. எழுந்த இடம், நைட்டிங்கேல் பள்ளி தொடங்கிய அதே புனித தாமஸ் மருத்துவமனையின் இன்றைய வளாகம். அதற்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்டு.

இன்னொன்று. நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமன்று, செவிலியத்தின் குற்றம் என்று நைட்டிங்கேல் எழுதியிருப்பதை நம் ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். படுத்தே கிடப்பவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும் என்பதிலும், குதிகாலையும் இடுப்பெலும்புப் பகுதியையும் தினமும் பார்க்கவேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஊரில் நான் பணிசெய்த ஓரிடத்தில் இரவில் நாற்பது நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். அவர்களில் பத்துப் பேர் தாமாகப் புரளமுடியாதவர்கள். ஒருவரைப் புரட்டித் தலையணை வைக்க ஐந்து நிமிடம் என்றால் பத்துப் பேருக்கு ஐம்பது நிமிடம். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை என்றால் இரவில் ஏறக்குறைய பாதி நேரம் அதற்கே போகும். அப்போது வரும் புண்ணைச் செவிலியின் குற்றம் என்று எழுதுவது நியாயமாகாது. ஆள் போடாததும் ‘சூழல்’தான். மாணவியாக இருக்கும்போதே இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் குற்றத்தையும் உங்கள் தலையிலேயே ஏற்றிக்கொள்வீர்கள்.

ஏ.என்.எம். என்றால் தாழ்வு என்று யாராவது சொன்னால் வருந்தவேண்டாம். பெரும் பற்றாக்குறை வந்தபோதெல்லாம் பல நாடுகள் இந்த இரண்டாம் நிலையை உருவாக்கியிருக்கின்றன. இங்கே 1943இல் சட்டம் போட்டு ஈராண்டுப் பயிற்சி பெற்ற செவிலியர்களைப் பதிவு செய்தார்கள். பின்னர் அந்தப் பயிற்சியை நிறுத்தினார்கள். 2019இல் வேறு பெயரில் அதைப் போன்ற ஒரு நிலையை மறுபடியும் பதிவேட்டில் கொண்டுவந்தார்கள்.

இரவுப்பணி:

சுருக்கமாக ஒன்று மட்டும். செவிலியம் வெள்ளைக்காரர்களோடு வந்தது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. முறைப்படுத்திய பள்ளியும் பதிவும் அவர்களோடு வந்தவை என்பது சரி. ஆனால் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள், 950ஆவது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ நிற்கிறான். உழை என்றால் பக்கம். அருகிலேயே இருந்து செய்பவன் என்று பொருள். பரிமேலழகர் இவனுக்கு நான்கு பண்புகள் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் வன்மை, அறிவு. சரக சங்கிதையும் இதைப் போலவே நான்கு பண்புகளைக் கூறுகிறது. மருந்தைப் ‘பிழையாமல்’ கொடுப்பவன் என்றே பரிமேலழகர் அவனைக் குறிக்கிறார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நாம் மருந்துத் தட்டோடு நின்று சரிபார்க்கிறோமே, அந்த ஒரு சொல்லை விரித்தால் இவ்வளவும் வரும். ஆண் செவிலியன் என்பதால் அந்த ‘ஆன்’ விகுதியைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சி.

முதலாண்டு மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதில்களை நேற்று இரவே படித்துவிட்டேன். இன்று காலை எனக்குக் கொடுக்கப்பட்ட பன்னிரண்டு பேருக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் மூச்சு எண்ணினேன். வழக்கத்தைவிட இருபது நிமிடம் கூடுதலாயிற்று; தோழிகள் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். இருவருக்கு மட்டும்தான் 20 வந்தது. மற்றவர்களுக்கு 16, 18, 22 என்று வெவ்வேறாக இருந்தது. பதினொன்றாம் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு 28. வார்டு சிஸ்டரிடம் சொன்னேன். அவர் வந்து தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு மருத்துவரை அழைத்தார். தம்பியிடம் மடக்கு விளக்கைப் பற்றிச் சொன்னேன், தாளில் ஒன்று செய்து தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு ஐயம். அடுத்த வாரம் எங்களைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றுகிறார்கள். குழந்தைக்கு மூச்சு நிமிடத்துக்கு எவ்வளவு இருந்தால் அதிகம் என்று கொள்ளவேண்டும்? குழந்தை அழுதுகொண்டிருந்தால் எப்படி எண்ணுவது?

கிராம சுகாதார செவிலியர்:

அழும் குழந்தைக்கு எண்ணாதீர்கள், தங்கை. எண்ணிக்கை தவறாகவே வரும். தாயின் மடியில் வைத்துப் பால் குடித்து அமைதியானதும், அல்லது தூங்கும்போது, சட்டையை மெல்லத் தூக்கிவிட்டு வயிற்றின் அசைவைப் பாருங்கள். குழந்தைகளின் மூச்சு சீராக இராது, வேகமாகப் போய் நின்று மறுபடி வரும். ஆகவே அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் வேலை இங்கே கூடவே கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமூச்சு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி ஒருமுறை எண்ணி உறுதிசெய்துகொள்ளுங்கள். எண்ணும்போதே நெஞ்சின் கீழ்ப்பகுதி, விலா எலும்புகள் முடியும் இடம், மூச்சை இழுக்கும்போது உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். உள்ளே போனால் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கவேண்டாம், உடனே ஸ்டாஃபைக் கூப்பிடுங்கள்.